இல்லாத நோய்க்கு எடுத்த தீச்சட்டி

1

பையன்தான் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. ஊரில் இதைச் சொன்னால் டாக்டருக்கு ஜெயில். இங்கே சொல்லாவிட்டால் நமக்குக் கோபம். நானும் மீனாவும் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கட்டுமா என்கிற குரலில் டாக்டரம்மா கேட்டார்: "பிறந்ததும் முன்தோலை எடுத்துவிடலாமா?"

மீனா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

எங்கள் ஊரான போடியில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்காவில் நான் குடியிருக்கிற பகுதியில், ஆண் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியிலேயே சுன்னத்து செய்துவிடுவது சாதாரண வழக்கம். மதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தடுப்பூசி போடுவதுபோலக் கேட்பார்கள், சரி என்றால் செய்வார்கள், குழந்தை மறுநாள் வீட்டுக்கு வந்துவிடும். பைபிளில் விருத்தசேதனம் என்று ஒரு சொல் இருக்கிறது, ராவுத்தர் வீடுகளில் சுன்னத்து என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதற்குச் சொல்லே கிடையாது. தேவைப்படவில்லை.

இதைப்பற்றி இங்கே ஆளுக்கொரு கருத்து. எதிர்வீட்டு யூதக் குடும்பத்தில் பிறந்த எட்டாம் நாள் விருந்து வைத்துச் செய்தார்கள், நானும் போய்ச் சாப்பிட்டேன். என் ஆபீசில் ஒருவன், "என்னைக் கேட்காமல் என் உடம்பில் எப்படிக் கை வைக்கலாம்" என்று இத்தனை வயதுக்குப் பிறகும் தன் அம்மாவோடு சண்டை போடுகிறான். கிரிக்கெட் விளையாட வரும் தெலுங்கு நண்பர் சுத்தத்துக்கு நல்லது என்பார். டாக்டரம்மாவோ சிறுநீர்த் தொற்று மாதிரி சிலவற்றுக்கு நன்மை உண்டு, சின்ன ஆபத்தும் உண்டு, செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, பெற்றவர்கள் முடிவு என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். பெற்றவர்கள் முடிவு என்பது எத்தனை பெரிய பாரம் என்று அவருக்குத் தெரியாது.

மூத்தவன் கதிர் பிறந்தபோது நாங்கள் சரி என்றோம். பெரிய யோசனை எதுவும் இல்லை. நர்ஸ் கேட்டார், மீனாவுக்கு இதில் ஒரு கருத்து இருக்கும் என்று நான் நினைத்தேன், எனக்கு இருக்கும் என்று அவள் நினைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். கதிருக்கு ஒரு குறையும் வரவில்லை. நன்றாக வளர்ந்தான், தமிழை மறந்தான், என்னைவிட நன்றாகப் பனியில் சறுக்குவான். நாங்களும் அதை மறந்துபோனோம்.

இரண்டாம் முறை டாக்டரம்மா கேட்டபோது மட்டும் நான் ஏன் செருப்பைப் பார்த்தேன் என்றால், இந்தச் சித்திரையில் போடிக்குப் போய் நான் செய்துவிட்டு வந்த காரியம் அப்படி.

2

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகி, தலைத் திவசம் வந்தது. மீனாவுக்கு அப்போது மூன்றாம் மாதம், பயணம் வேண்டாம் என்றுவிட்டார்கள். நானும் கதிரும் மட்டும் போனோம். ஏழு வயதில் அவன் ஊரைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. போடியில் எங்களுக்கு இருக்கிற வீடு செல்வி அக்காவின் வீடுதான். அம்மா நான் படிக்கும்போதே போய்விட்டாள். அக்காவின் கணவர், என் மச்சான், ஏலக்காய் வியாபாரம். வீட்டின் முன்னறையில் எப்போதும் மூட்டை இருக்கும், ஏலத்துக்குப் போகிற நாளில் குறையும், மறுபடி நிறையும். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அக்கா கதிரின்மேல் உயிரை வைத்திருப்பாள். போனில் அவன் "ஹாய் அத்தை" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவான், அந்த இரண்டு வார்த்தையை அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

திவசத்தன்று காலை வீடு நிறைய ஆட்கள். பங்காளிகள், மச்சானின் வியாபாரக் கூட்டாளிகள், சமையலுக்கு வந்தவர்கள். அக்கா கதிரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனாள். பாதியில் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். அவளுக்கு அந்த நிதானம் இல்லை.

"ஏன்டா தம்பி, புள்ளைக்கு என்னடா பண்ணி வச்சிருக்கீங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. கூட்டம் இருந்தால் வாய் கொஞ்சம் நீளும்.

"என்ன மாப்ளே, அமெரிக்காக்காரய்ங்க நம்ம புள்ளையப் பாய் வீட்டுப் புள்ளையாக்கிட்டாய்ங்களா? நம்ம குடும்பத்துல இந்தக் கேவலம் வேற பாக்கணுமா?"

சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் நான் வாசலைப் பார்த்தேன். சாகுல் நின்றிருந்தான். தோளில் வாழையிலைக் கட்டு.

சாகுல் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். மலைமேல் இருக்கிற போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறான், காலையில் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போய்ச் சாயந்திரம் இறக்குவான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தது அவன்தான். நான் இங்கிருந்து போனில் "எப்படி இருக்கார்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அவன் அங்கே அப்பாவைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தான். திவசத்துக்கு இலை நான்தான் கொண்டு வருவேன் என்று சொல்லி வைத்திருந்தவன்.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. "அந்த ஊர்ல எல்லாருக்கும் செய்யுறதுதான் மச்சான், இதுல கேவலம் ஒண்ணும் இல்ல." இவ்வளவுதான். பல ஆண்டுகள் வெளிநாட்டில் பேசிப் பிழைக்கிற வாய், கூட்டம் கூட்டமாக ஆட்களுக்குத் திட்டம் விளக்குகிற வாய். அது சொன்னது வேறு.

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல மச்சான். பொறந்தப்பவே மூத்திரம் போக அடைப்பு. ஆபரேசன் பண்ணலேன்னா உசுருக்கே ஆபத்துன்னு சொல்லிட்டாங்க. வேற வழியில்லாமப் பண்ணுனது."

சிரிப்பு நின்றது. எல்லாரும் "அடப்பாவமே" என்றார்கள். மச்சான் என் தோளைத் தட்டி, "மொதல்லயே சொல்றதுக்கென்ன மாப்ளே" என்றார். சாகுல் இலைக்கட்டை வாசலிலேயே சாத்தி வைத்தான்.

"மேல லோடு கெடக்கு. வர்றேன்" என்றான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை. சாப்பிடாமல் போய்விட்டான்.

ஒரே மூச்சில் நான் இரண்டு காரியம் செய்திருந்தேன். நோயில்லாத என் பிள்ளையை நோயாளியாக்கினேன். சாகுலின் வீட்டில் மாலை போட்டுக் கொண்டாடுகிற ஒன்றை, நோய் என்று சாக்குச் சொன்னால்தான் மன்னிக்க முடிகிற அசிங்கமாக்கினேன். அவன் கொண்டுவந்த இலையில் உட்கார்ந்து நான் சாப்பிடவும் செய்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு வடை இரண்டாம் முறையும் வந்தது.

3

அக்கா சாப்பிடவில்லை. "இம்புட்டுப் பெரிய கண்டத்தத் தாண்டி வந்திருக்கான் எம்புள்ள, நாங்க இங்க சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கோம்" என்று அழுதாள். மறுநாள் காலையில் அம்மன் கோயிலுக்குப் போனாள், திரும்பி வந்து அமைதியாகச் சொன்னாள்:

"ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன். புள்ள பொழச்சதுக்கு நாம ஒண்ணுமே செய்யல. இந்தத் திருவிழாவுலயே எடுத்துர்றேன்."

சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. தீச்சட்டி எடுக்கிறவர்கள் முன்னதாகக் கோயிலில் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் விரதம். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, ஊர் எல்லை தாண்டக் கூடாது, நடுவில் விடக் கூடாது. ஆகவே காப்புக் கட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதில் நான் எப்போதும் வல்லவன்.

அடுப்படி வாசலில் போய் நின்றேன். "அக்கா" என்றேன்.

"என்ன தம்பி?"

"காப்பி இருக்கா?"

காப்பி குடித்துவிட்டு வந்தேன். மறுநாளும் இதே கதைதான். அதற்கு மறுநாள் அவள் மஞ்சள் சேலையில், மணிக்கட்டில் காப்போடு வந்து நின்றாள். இனிமேல் சொன்னால் விரதத்தைக் குலைத்த பாவம், தெய்வக் குத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமி கும்பிடுவதில் எனக்கு அத்தனை அக்கறை அதற்குமுன் வந்ததில்லை. அன்று வந்தது.

ராத்திரி மீனாவிடம் போனில் சொன்னேன். அங்கே காலை நேரம். கேட்டு முடித்ததும் அவள் சொன்னாள்:

"நாம செஞ்சது தப்புன்னு நீங்க நெனச்சா அதை எங்கிட்டச் சொல்லுங்க. தப்பில்லைன்னா அவங்ககிட்டச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணாவது சொல்லலாம்ல?"

நான் சிக்னல் சரியில்லை என்றேன்.

4

சாகுலைப் பார்க்க ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். கதிரும் வருவேன் என்றான். சாகுல் ஒன்றும் நடக்காததுபோல, "ஏறு மாப்ளே, மேல ஒரு ஆளை விட்டுட்டு வந்துருவோம்" என்று எங்களை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். பின்னால் எஸ்டேட்டுப் பெண்கள் மலையாளமும் தமிழுமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். வளைவுக்கு வளைவு கதிர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

போடிமெட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு டீ வாங்கித் தந்தான். கதிர் ரோட்டோரக் குரங்குகளைப் பார்க்கச் சுவரருகே நின்றான். நான், "அன்னைக்கு மச்சான் பேசினதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க மச்சானை விடு. அவரு வாய் எனக்குத் தெரியும். நாளைக்கே வண்டி வேணும்பாரு, நானும் போவேன்." டீயை ஆற்றினான். "நீ ஏதாச்சும் சொல்லுவேன்னுதான் வாசல்ல நின்னேன். நீ என் மூஞ்சியவே பாக்கல மாப்ளே."

நான் கதிர் நிற்கிற சுவரைப் பார்த்தேன்.

"என் சுன்னத்துக்கு வச்ச மார்க்கக் கல்யாணத்துக்கு நீ வந்து பிரியாணி தின்ன, ஞாபகம் இருக்கா? மாலையப் போட்டுத் தெருவைச் சுத்திக் கூட்டிட்டு வந்தாங்க, நீ பக்கத்துலயே நடந்து வந்த. வலி எனக்கு, பிரியாணி உனக்கு." சிரித்தான். "இப்ப அதெல்லாம் இல்ல. என் மக வயித்துப் பேரனுக்கு ஆஸ்பத்திரியிலயே முடிச்சாச்சு. ஊசி போட்டுப் பண்ணுனாங்க, புள்ள அழக்கூட இல்ல. நல்லதுதான். ஆனா ஏன் செய்யுறீங்கன்னு எங்கிட்ட ஒருத்தன் கேட்டா என்னால சொல்ல முடியும். மார்க்கம் சொல்லுது, எங்கத்தா எனக்குச் செஞ்சாரு, நான் பேரனுக்குச் செய்யுறேன். நீ ஏன் செஞ்ச? நெசமாவே நோயா?"

"இல்ல."

"பின்ன?"

"நர்ஸ் கேட்டாங்க. சரின்னோம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

சாகுல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதற்காகச் செய்தோம் என்று தெரியாமல் செய்துவிட்டு, எதற்காகச் சொன்னோம் என்று தெரிந்தே பொய் சொன்ன ஒருவனை வேறு என்ன செய்ய முடியும்?

"செல்வியக்கா சட்டி எடுக்குதாம்ல" என்றான் ஜீப்பைத் திருப்பும்போது. "அதுகிட்டயாச்சும் சொல்லிரு மாப்ளே. நெருப்பு சமாச்சாரம்."

அன்றிரவு படுக்கும்போது கதிர் கேட்டான். அவன் தமிழ் அரைகுறை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேசத்தான் அரைகுறை. காது நன்றாகவே இருந்திருக்கிறது.

"அப்பா, எனக்கு என்ன டிசீஸ் இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப அத்தை ஏன் ஃபயர் தூக்கணும்?"

அவனிடம் உண்மையைச் சொன்னேன். பெரியவர்களிடம் வராத உண்மை பிள்ளையிடம் சுலபமாக வந்தது. முழுக்கச் சொல்லிவிட்டு, "அத்தைகிட்டச் சொல்லாத, வருத்தப்படுவாங்க" என்றேன். அவன் சரி என்றான். என் பொய்க்கு அவனையும் காவல் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

5

சட்டி எடுக்கிற அன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. தார்ரோடு கால் வைக்க முடியாமல் கொதித்தது. ஜீப்பு ஸ்டாண்டுக்காரர்கள் வழக்கம்போல வண்டியில் டிரம் வைத்து ரோட்டை நனைத்துக்கொண்டே முன்னால் போனார்கள். குழாயைப் பிடித்திருந்தது சாகுல்.

அக்கா வேப்பிலையை உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் தீ எரிகிற சட்டியை ஏந்தினாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் போனபோது கேட்டேன். "எம்புள்ளையக் காப்பாத்துன தாயே, எம்புள்ளையக் காப்பாத்துன தாயே." அந்தப் புள்ளை அவளுக்குப் பின்னால் நடந்து வந்தான். அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கூட்டத்தைப் பார்த்தேன். அவள் கூடவே கடைசிவரை நடந்தேன். கடைசிவரை சொல்லவில்லை.

முறையாக விரதம் இருந்தவர்களுக்குக் கை சுடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுட்டால் விரதத்தில் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அக்கா சட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் கையைக் காட்டவில்லை. தண்ணீர்ச் சொம்பை வாங்கும்போது நான் பார்த்துவிட்டேன். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

மருந்து வாங்கி வந்து போட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மச்சான்கிட்டச் சொல்லாத தம்பி. நான் சுத்தபத்தமாத்தான் இருந்தேன். எங்க குத்தம் பண்ணுனேன்னு தெரியல."

நான் குனிந்து மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்கூட, அக்கா குத்தம் உன்னுது இல்ல, என்னுது என்று என் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இங்கே வந்தபிறகு பலமுறை யோசித்தேன். கேவலப்பட்டுவிடுவோமோ என்கிற பயம்தான். பிறகு விமானம் ஏறினேன்.

6

சின்னவன் ஐப்பசியில் பிறந்தான். டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு இந்த முறை நானும் மீனாவும் உட்கார்ந்து பேசினோம். முதல்முறையாக. "அப்போ வேண்டாம்னு சொன்னா பட்டிக்காடுன்னு நெனப்பாங்களோன்னுதான் தலையாட்டினேன்" என்றாள் அவள். செய்வதில் நன்மை இருக்கலாம், செய்கிறவர்களைக் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நமக்கென்று ஒரு காரணம் இல்லாமல் செய்ய வேண்டாம் என்று முடிவானது. கதிரிடமும் சொன்னோம்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?" என்றான்.

யோசிக்காமல் செய்துவிட்டோம் என்றாள் மீனா. அவன் "ஓகே" என்றான். அந்த ஓகேயில் என்ன இருந்தது என்று என்னால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சின்னவன் வீடு வந்த அன்று அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். குழந்தையைக் காட்டினோம். அவள் முதலில் கேட்டது இதைத்தான்:

"சின்னவனுக்கும் அந்த அடைப்பு இருக்கா தம்பி?"

"இல்லக்கா. நல்லா இருக்கான்."

"நல்லதுப்பா. இந்தத் தடவை நான் ஒண்ணும் நேந்துக்கல. நீதான் எதாச்சும் நேந்துக்கணும். நான் நேந்தா ஆத்தா ஏத்துக்க மாட்டா. கை பொத்துப்போன நாள்லேருந்து நான் கோயில் படி ஏறல. ஆடி வெள்ளிக்குக்கூட வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

வாயைத் திறந்தேன். மறுபடியும் காப்பி இருக்கிறதா என்று கேட்டிருப்பேனோ என்னவோ. அதற்குள் கதிர் என் தோள்மேல் எட்டி முகத்தைக் காட்டினான். இங்கிலீஷ் கலக்காமல் பேசினான். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்திருக்கிறான்.

"அத்தை, எனக்கு நோய் இல்ல. எப்பவும் இல்ல. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அதனால அப்பா பொய் சொன்னாங்க. உங்க மேல தப்பு இல்ல."

அக்கா எங்களைப் பார்த்தபடி இருந்தாள். படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அவள் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நெசமாடா?" என்றாள் என்னிடம்.

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றும். இரண்டும் இல்லை. "வெரசாக் கெளம்பி வா" என்றாள். "கோயில் வாசல்ல நின்னு நீயே இதைச் சொல்லு. ஆத்தா கேக்கணும், உங்க மச்சான் கேக்கணும், அந்தச் சாகுல் தம்பியும் நிக்கணும். அதுக்கப்புறம் நான் படி ஏறுறேன். என்ன சோலி கெடந்தாலும் போட்டுட்டு வா."

"வர்றேன்க்கா. ஆனா இப்ப முடியாது. விசா நீட்டிக்க மனு போட்டிருக்கு, முடிவு வரல. இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. வந்ததும் மொத வேலையா..."

இது முழுக்க முழுக்க உண்மை. வக்கீல் எழுத்திலேயே சொல்லியிருக்கிறார். என் குரலுக்கே அது சாக்குப்போலக் கேட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"அப்பு, உங்கப்பன் சொல்றது நெசமா?"

கதிர் தலையாட்டினான். அதன்பிறகுதான் அவள் சரி என்றாள்.